இடத்தோடு பிணைந்த தெய்வங்கள்: சிங்கப்பூர்ச் சீனக் கோயில்களின் இன்றைய நெருக்கடி

சீனர்களின் மரபுச் சமயம் என்றால் பௌத்தம், தாவோயிசம், கன்பூசியஸ் நெறி என்று மூன்று பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்வது பாடநூல்களின் வழக்கம். அதில் பிழையில்லை. ஆனால் தென்கிழக்காசியாவில் உள்ள ஒரு சாதாரணச் சீனக் கோயில் எப்படி உருவாகிறது, யார் அதை நடத்துகிறார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பெயர்கள் விளக்குவதில்லை. ஒரே கூரையின் கீழ்ப் பௌத்தப் போதிசத்துவரும் தாவோயிசத் தெய்வமும் உள்ளூர்க் காவல் சாமியும் இருப்பார்கள். கும்பிட வருகிறவர் எந்தச் சமயத்திலும் முறைப்படி சேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஓர் இடம், அந்த இடத்தில் குடியிருக்கும் மக்கள், அவர்கள் பேசும் மொழி ஆகிய மூன்றின் மேல்தான் அந்தக் கோயில் நிற்கிறது. இந்த மூன்றும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காலத்துக்குள் தலைகீழாக மாறிய ஊர் சிங்கப்பூர். ஆகவே மரபான சீனச் சமய அமைப்புகளை நவீன வாழ்க்கை எப்படி நெருக்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

தெலுக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹாக் கெங் கோயில் 1839க்கும் 1842க்கும் இடையில் கட்டப்பட்டது. ஃபூஜியான் மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்த ஹொக்கியன் மக்கள், கடல் தெய்வமான மாசூவுக்கு நன்றி சொல்லக் கட்டிய கோயில் அது. இன்று உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கோயிலின் வாசலுக்கு எதிரே அன்று கடல் இருந்தது. கரையைத் தூர்த்து நிலமாக்கிய பிறகே கடல் விலகிப் போனது. அதே தெருவில், அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, நாகூர் ஆண்டவர் பெயரால் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய தர்கா இருக்கிறது. இரண்டு சமூகத்தாரும் ஒரே கடற்கரையில் இறங்கி, உயிரோடு வந்து சேர்ந்ததற்காகத் தத்தம் வழியில் கடன் தீர்த்திருக்கிறார்கள்.

இத்தகைய கோயில் பிறக்கும் முறையில் ஒரு சிறப்பு உண்டு. தாய்க்கோயிலின் தூபக் கலத்திலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து வந்து புதிய கலத்தில் இட்டால், தெய்வத்தின் ஆற்றல் அங்கேயும் தொடர்கிறது என்பது நம்பிக்கை. ஆகவே தூபக் கலம்தான் கோயிலின் உயிர்நிலை. கட்டடம் பிறகு வந்தாலும் போதும். கோயிலின் ஆண்டுத் தலைவரை ஹொக்கியன் மொழியில் ‘லோர்ச்சு’ என்பார்கள். தூபக் கலத்துக்குப் பொறுப்பாளி என்ற நிலையிலேயே அவருக்கு அந்தப் பதவி. அவரை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பிறை வடிவில் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளைத் தெய்வத்தின் முன்னால் தரையில் போடுவார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. ஒன்று தட்டையாகவும் மற்றது வளைவாகவும் விழுந்தால் சாமி சம்மதித்துவிட்டது. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் சாமி சிரிக்கிறது, மறுபடி கேட்க வேண்டும். இரண்டும் வளைவுப் பக்கம் மேலாக விழுந்தால் மறுப்பு. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கட்டைகளைப் போட்டு, யாருக்குத் தொடர்ச்சியாக அதிகச் சம்மதம் கிடைக்கிறதோ அவரே அடுத்த ஆண்டின் லோர்ச்சு. அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர், மீன் விற்பவர், லாரி ஓட்டுபவர் என்று யார் வேண்டுமானாலும் அந்தப் பொறுப்புக்கு வரலாம். சமயக் கல்வியில் பட்டம் பெற்றவர் யாரும் தேவைப்படவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பலம். பின்னாளில் அதுவே பலவீனமாகவும் ஆனது.

கோயில்களும் அவற்றோடு இணைந்த குலச் சங்கங்களும் செய்த வேலை வழிபாட்டோடு நிற்கவில்லை. தியான் ஹாக் கெங்கை நிர்வகிக்கும் ஹொக்கியன் சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்தியது; 1867இல் தொடங்கிய தோங் சாய் மருந்தகம் இனம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தது; 1870இல் கான்டோனீஸ், ஹக்கா மக்கள் ஏற்படுத்திய பெக் சான் தெங் அமைப்பு பரந்த இடுகாடு ஒன்றைப் பராமரித்தது. படிப்பு, மருத்துவம், சாவு ஆகிய மூன்றுக்கும் ஒரு குடியேறி தன் மொழிக்காரர்களின் அமைப்பையே நாட வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பிறகு பள்ளியையும் மருத்துவமனையையும் வீட்டையும் அரசே தரத் தொடங்கியது. அது மக்களுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோயிலை நாடி வருவதற்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் வழிபாடு மட்டுமே எஞ்சியது.

அடுத்து நிலம். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. அடுத்த கால் நூற்றாண்டில், கம்பங்கள் எனப்படும் ஓலைக்கூரைச் சிற்றூர்கள் கலைக்கப்பட்டு, மக்கள் அடுக்குமாடிப் பேட்டைகளுக்கு மாற்றப்பட்டார்கள். கம்பத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த சீனக் கோயில்களும் அப்போது இடம் பெயர வேண்டியிருந்தது. அதே சட்டத்தால் இடம் மாறிய இந்துக் கோயில்களும் உண்டு. ஆனால் சீனக் கோயில்களின் எண்ணிக்கை மிகப் பெரிது, பெரும்பாலானவை மிகச் சிறியவை, பலவற்றுக்குச் சொந்த நிலப்பட்டா கிடையாது. ஒரு கம்பத்தின் நூறு குடும்பங்கள் நாலாபுறமும் பிரிந்து வெவ்வேறு பேட்டைகளில் குடியேறிய பிறகு, அந்தக் கம்பத்தின் சாமி யாருடையது? மாற்று நிலம் வாங்கும் வசதி பல கோயில்களுக்கு இல்லை. சில கோயில்கள் மூடப்பட்டன. சில தெய்வங்கள் லோர்ச்சுவின் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறைக்குப் போயின. ஆண்டுக்கு ஒருமுறை, பேட்டைக்கு நடுவே உள்ள திடலில் கூடாரம் போட்டு அவற்றுக்குத் திருநாள் நடத்தப்படுகிறது. லாரி ஒன்றையே கோயிலாக மாற்றிக்கொண்ட குழுவும் உண்டு. கைவிடப்பட்ட சிலைகளும் ஏராளம். லோயாங் கடற்கரையில் 1980களில் ஒதுங்கிக் கிடந்த பல சமயச் சிலைகளைச் சில நண்பர்கள் எடுத்து ஒரு கொட்டகையில் வைத்ததிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய லோயாங் துவா பெக் கோங் கோயில். அங்கே சீனத் தெய்வங்களோடு பிள்ளையாருக்கும் சந்நிதி உண்டு. மலாய் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் நினைவிடமும் உண்டு. நகர வளர்ச்சி உதிர்த்த தெய்வங்கள் ஓரிடத்தில் சேர்ந்து, யாரும் திட்டமிடாத ஒரு கோயிலாகிவிட்டன.

பல கோயில்கள் கண்ட வழி வேறு. தனித்தனியே நிலம் வாங்க முடியாதவை ஒன்றுசேர்ந்து, ஒரே மனையைக் குத்தகைக்கு எடுத்து, ஒரே கூரையின் கீழ்க் குடியேறின. இவற்றைக் கூட்டுக் கோயில்கள் என்கிறோம். 1970களில் தோ பாயோவில் ஐந்து கோயில்கள் இணைந்தது இந்த முறைக்கு முன்னோடிகளில் ஒன்று. தெம்பனிஸ் பேட்டையில் உள்ள கூட்டுக் கோயிலில் பத்துக்கும் மேற்பட்ட பழைய கம்பத்துக் கோயில்கள் அடக்கம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம்தான். உள்ளே போனால் ஒவ்வொரு கோயிலுக்கும் தனித் தனி மாடம், தனித் தூபக் கலம், தனி உண்டியல், தனி நிர்வாகக் குழு, தனித் திருநாள். மின் கட்டணத்தைப் பங்கிடுவது எப்படி, நடுவிடம் யாருடைய தெய்வத்துக்கு, கூரை ஒழுகினால் செலவு யாருக்கு என்ற கேள்விகள் எழும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. ஒருகாலத்தில் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழையாத இரண்டு கம்பத்துச் சாமிகள் இப்போது பக்கத்துப் பக்கத்து மாடங்களில் இருக்கின்றன. ஆனாலும் இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது; இது இல்லாவிட்டால் அந்தக் கோயில்களில் பெரும்பாலானவை இன்று பெயரளவில்கூட இருந்திருக்காது.

கூட்டுக் கோயிலுக்கும் நிலம் நிரந்தரமன்று. புதிய பேட்டைகளில் வழிபாட்டுத் தலத்துக்கென ஒதுக்கும் மனைகள் பெரும்பாலும் 30 ஆண்டுக் குத்தகைக்கே தரப்படுகின்றன. சீனக் கோயிலுக்கான மனை ஏலக்குத்தகைக்கு விடப்பட்டு வந்தது. கூடுதல் தொகை கேட்டவருக்கு அது கிடைத்தது. இதனால் கோயில்கள் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய நிலை உண்டானது. இந்த முறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது 2015இல் வெளிப்பட்டது. ஃபெர்ன்வேல் பகுதியில் சீனக் கோயிலுக்கென ஒதுக்கிய மனையை இலாப நோக்குடைய ஒரு நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. கோயிலோடு, இறந்தவர்களின் சாம்பலை வைக்கும் அஸ்தி மாடமும் அமைத்து வணிக முறையில் விற்கத் திட்டம் என்று தெரிந்ததும், அங்கு வீடு வாங்கியிருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விவகாரம் நாடாளுமன்றம் வரை போய், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. குடியிருப்பாளர்களின் கோபம் பெரிதாகப் பேசப்பட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, ஒரு நிறுவனத்தோடு பணத்தால் போட்டியிடும் நிலைக்குக் கோயில்கள் வந்துவிட்டன என்பதுதான்.

அஸ்தி மாடத்தின் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. நிலப் பற்றாக்குறையால் புதைப்பது குறைந்து எரிப்பது பெருகியது. மேலே சொன்ன பெக் சான் தெங்கின் இடுகாடு இருந்த இடத்தில்தான் இன்றைய பீஷான் நகரம் நிற்கிறது. கல்லறைகள் தோண்டப்பட்டு எலும்புகள் எரிக்கப்பட்டன. அமைப்புக்கு மிஞ்சிய சிறு பகுதியில் கோயிலும் அஸ்தி மாடமும் எழுந்தன. முன்னோரின் சாம்பல் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது வருவார்கள் என்பதால், பல அமைப்புகளுக்கு அஸ்தி மாடமே நிலையான வருமானமும் நிலையான வருகையாளர்களும் ஆனது.

பணம் திரட்டும் பழைய முறை எப்படி இயங்கியது என்பதை ஏழாம் சந்திர மாதத்தில் பார்க்கலாம். பசித்த ஆவிகள் உலகுக்கு வரும் மாதம் அது. திடலில் கூடாரம் போட்டு, வட்ட மேசைகளில் விருந்து நடக்கும், நடுவே ஏலம். ஏலத்துக்கு வருபவை பெரிய விலையுள்ள பொருள்கள் அல்ல. சிவப்புத் தாளும் பொன்னிறத் தாளும் சுற்றிய ஒரு கரித்துண்டு ‘கருந்தங்கம்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) விலை போகும், ஏனென்றால் அது வீட்டுக்குச் செழிப்பைக் கொண்டுவரும் என்பது நம்பிக்கை. வழக்கப்படி, ஏலம் எடுத்தவர் அன்றே பணம் கட்ட வேண்டியதில்லை. பொருளை எடுத்துக்கொண்டு போய், ஓர் ஆண்டு அதன் பலனை அனுபவித்து, அடுத்த ஆண்டுத் திருநாளுக்கு முன் கட்டினால் போதும். தலைக்கட்டு வரி வசூலித்துக் கொடை நடத்தும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்: அடுத்த ஆண்டும் அவர் இங்கேதான் இருப்பார் என்ற உறுதியே இங்கு ஈடு. கடைக்காரர் கடையை மூடிவிட்டு வேறு பேட்டைக்குப் போனால், பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறினால், அந்த உறுதி போய்விடுகிறது. பாக்கி மட்டும் குழுவின் ஏட்டில் நிற்கிறது. இதற்கு மேல், பதிவு பெற்ற சங்கம் முறையான கணக்கு வைக்க வேண்டும், ஆண்டறிக்கை தர வேண்டும். சுவரில் ஒட்டிய சிவப்புத் தாளில் நன்கொடையாளர் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டால் கணக்கு முடிந்தது என்று பழகிய முதியவர்களுக்கு இது புதிய உலகம்.

மொழி இழப்பு இன்னும் ஆழமானது. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம், ஹொக்கியன், தியோச்சூ, கான்டோனீஸ் போன்ற வட்டார மொழிகளை வீட்டிலிருந்து அகற்றுவதைக் குறியாகக் கொண்டிருந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த மொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் சீன வட்டார மொழி ஒன்றைப் பேசுவோர் 8.7 விழுக்காடுதான், ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. ஆனால் தெய்வங்கள் மொழி மாற்றிக்கொள்ளவில்லை. சாமியாடியின் மேல் தெய்வம் இறங்கும்போது பழைய நடையிலான ஹொக்கியனிலோ தியோச்சூவிலோ பேசும். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் அதைக் கேட்டுக் குறிகேட்க வந்தவருக்கு விளக்குவார். முன்பு அவர் வேலை தெய்வத்தின் கம்பீரமான சொற்களைப் பேச்சு வழக்கில் சொல்வது மட்டும். இன்று வருகிறவர் இளைஞரானால், ஹொக்கியனிலிருந்து மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும் அவர் தாவ வேண்டியிருக்கிறது. அந்த உதவியாளர்களும் முதியவர்களே. சாமிக்காக ஆடும் தெருக்கூத்தான வாயாங்குக்கும் இதே கதிதான். பாட்டின் பொருள் புரியாத தலைமுறைக்கு முன் ஆட ஆளில்லை, பார்க்கவும் ஆளில்லை. அதன் இடத்தைப் பெருமளவு ‘கெத்தாய்’ என்னும் மேடைப்பாட்டு நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. ஆவிகள் அமர்வதற்காக முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விடும் வழக்கம் மட்டும் அங்கும் தொடர்கிறது.

இனிப் புள்ளிவிவரம். 1980இல் சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் தங்களைத் தாவோயிஸ்டுகள் என்று கூறினார்கள். 2000இல் அது 8.5 விழுக்காடு, 2020இல் 8.8. இதைப் பார்த்ததும் மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். அதே 1980க்கும் 2000க்கும் இடையில் பௌத்தர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 27 விழுக்காட்டிலிருந்து 42.5 விழுக்காடாக உயர்ந்தார்கள். கணிசமானோர் கும்பிடும் தெய்வத்தை மாற்றவில்லை, படிவத்தில் எழுதும் பெயரை மாற்றினார்கள் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. 1984இல் உயர்நிலைப் பள்ளிகளில் சமய அறிவு ஒரு பாடமாக வந்தபோது, பைபிள், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம், சீக்கியம், கன்பூசியஸ் நெறி ஆகியவை பட்டியலில் இருந்தன, தாவோயிசம் இல்லை. பாடநூல் எழுதும் அளவுக்கு அதன் கோட்பாடுகளைத் தொகுத்துத் தரும் மைய அமைப்பு எதுவும் அப்போது இல்லை. தாவோயிசக் கூட்டமைப்பு 1990இல்தான் உருவாயிற்று. கட்டை போட்டு மீன் வியாபாரியைத் தலைவராக்கிய பழைய ஏற்பாட்டின் பலவீனம் என்று மேலே சொன்னது இதைத்தான். நவீன அரசும் பள்ளியும் ஒரு சமயத்திடம் நூல், கொள்கை, பேச்சாளர் என்று கேட்கின்றன. தெருச் சாமிக்கு இவை எதுவும் இல்லை. படித்த பிள்ளை வீட்டுக்கு வந்து இந்தத் தூபம் எதற்கு என்று கேட்டால், பாட்டி சொல்லக்கூடியது ‘அப்படித்தான் செய்வது’ என்பது மட்டுமே. அந்தப் பிள்ளைகளில் சிலர் தேவாலயத்துக்குப் போனார்கள், சிலர் தியான வகுப்போடு கூடிய பௌத்த மடங்களுக்குப் போனார்கள், பலர் எதற்கும் போகவில்லை. 2020இல் சமயம் இல்லை என்றவர்கள் 20 விழுக்காடு.

புகைப் பிரச்சினை நாளிதழ்களில் அடிக்கடி வருவதால் பெரிதாகத் தெரிகிறது. மாடி வீட்டுச் சன்னலுக்கு அடியில் காணிக்கைத் தாள் எரித்தால் சண்டை வராமல் இருக்காது. பேட்டைகளில் அதற்கென எரிதொட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. தைவானின் தலைநகரான தைப்பேயில் இது வேறு வடிவம் எடுத்தது. அங்குள்ள சிங் தியான் கோங் கோயில் 2014இல் தானாகவே ஊதுபத்தியை நிறுத்தியது. 2020இல் லுங்ஷான் கோயிலும் நிறுத்தியது. இடையில் 2017இல், அரசு ஊதுபத்தியைத் தடை செய்யப்போகிறது என்று பரவிய செய்தியால் தைவான் முழுவதிலுமிருந்து கோயில்காரர்கள் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு தலைநகரில் ஊர்வலம் போனார்கள். கோயில் தானே முடிவெடுத்து நிறுத்துவதும், மேலிருந்து நிறுத்தச் சொல்வதும் அவர்களுக்கு ஒன்றாகப் படவில்லை.

சீனப் பெருநிலத்தின் நிலை தனிக் கட்டுரைக்குரியது. இங்கே ஒரு செய்தி மட்டும். அங்கே அரசு ஏற்பது பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறித்தவம் என்ற ஐந்து சமயங்களையே. ஊர்க் கோயில் இந்தப் பட்டியலில் எங்கும் பொருந்துவதில்லை. 1898இன் சீர்திருத்தக் காலத்திலேயே கோயில் சொத்துகளைப் பள்ளிகளாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் எஞ்சியவையும் இடிபட்டன, மூடப்பட்டன. 1980களில் ஃபூஜியானில் கோயில்கள் மறுபடி எழுந்தபோது அதற்குப் பணம் அனுப்பியவர்களில் சிங்கப்பூர், மலேசியச் சீனர்கள் முக்கியமானவர்கள். ஒருகாலத்தில் சாம்பலை அனுப்பிய தாய்க்கோயிலைக் கிளைகளே மீட்டெடுத்தன. அதன் பிறகு பல ஊர்க் கோயில்கள் தாவோயிசத் தலமாகவோ மரபுச் சின்னமாகவோ பதிவு செய்துகொண்டு தப்பிக்கின்றன. மாசூ வழிபாடு 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது அதற்கு உதவியிருக்கிறது.

எல்லாக் கோயில்களும் தேய்ந்துவிடவில்லை. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1884 முதல் இருக்கும் குவான் யின் கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை; அங்கு வரும் சீனர்கள் பலர் அடுத்துள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கோயில் எந்த ஒரு மொழிக் குழுவுக்கோ கம்பத்துக்கோ உரியதன்று. குறிச்சீட்டு எடுக்க யாரும் வரலாம். ஆகவே நிலமும் மொழியும் மாறியபோது அது பாதிக்கப்படவில்லை. மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தியான் ஹாக் கெங் போன்றவற்றுக்கும் அச்சமில்லை, அங்கே கும்பிடுபவர்களுக்கு நிகராகப் படம் எடுப்பவர்களும் வருகிறார்கள் என்ற ஒன்றைத் தவிர. ஒன்பதாம் சந்திர மாதத்தில் வரும் ஒன்பது பேரரசத் தெய்வங்களின் திருநாளில் பல்லக்குத் தூக்கவும் முரசு அடிக்கவும் இளைஞர்கள் வருகிறார்கள். பல்லக்குத் தூக்க வந்த இளைஞர் நிர்வாகக் குழுவுக்குள் வந்து கணக்குப் பார்ப்பாரா என்பதே கோயில் முதியவர்களின் கவலை. நடுத்தரக் கோயில்களுக்கு இப்போது அந்தக் கவலை அவசரமானது. 1990களில் பேட்டைகளில் மனை எடுத்தவற்றின் 30 ஆண்டுக் குத்தகைகள் இந்தப் பத்தாண்டில் ஒவ்வொன்றாக முடிகின்றன. புதுப்பிக்க வேண்டுமானால் பெருந்தொகை திரட்ட வேண்டும். முதல் குத்தகைக்குப் பணம் சேர்த்தவர்கள் கம்பத்தில் பிறந்தவர்கள், தங்கள் சாமிக்கு ஓர் இடம் வேண்டும் என்று பசியோடு உழைத்தவர்கள். இரண்டாவது குத்தகைக்கான வேலை, அந்தக் கம்பத்தின் பெயரையே கூட்டுக் கோயிலின் பெயர்ப்பலகையில்தான் கண்டிருக்கும் பேரப்பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது.